ஓடாத ஆட்டோவுக்கு என்ன விலை?

திண்டுக்கல் பக்கம் பழைய மூன்று சக்கர வண்டியை விலை பேச ஆள் வந்தால், விற்பவர் முதலில் வண்டியை ஸ்டார்ட் செய்துதான் காட்டுவார். இரண்டு உதையில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். நீலப் புகையும் படபடப்புச் சத்தமுமாகப் பட்டறை வாசலே அதிரும். வாங்க வந்தவருக்குப் பாதி மனசு அங்கேயே விழுந்துவிடும். கூட வந்த மெக்கானிக் விவரமானவராக இருந்தால் அந்தச் சத்தத்தைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். "இன்ஜினை எப்ப வேணா செஞ்சுக்கலாம்ணே. மொதல்ல வண்டியைச் சாய்ச்சு அடியைக் காட்டச் சொல்லுங்க" என்பார்.

விலையின் சூட்சுமம் அந்தப் பேச்சில் இருக்கிறது. பிஸ்டன் தேய்ந்தால் புதுசு போடலாம். கிளட்ச் தட்டு, கேபிள், பிரேக் லைனர் எல்லாம் கடைச் சரக்கு. போதாக்குறைக்கு இது பூட்டுக்குப் பேர்போன ஊர். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இரும்பை அராவவும் கடையவும் இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் துரு தின்ற சேசிஸையும், தொலைந்துபோன ஆர்.சி. புத்தகத்தையும், நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன் அச்சில் அடித்த முகப்புத் தகட்டையும் எந்த லேத்திலும் கடைந்து எடுக்க முடியாது. எது மறுபடி கிடைக்காதோ, பழைய வண்டியில் காசு அதற்குத்தான். அதைக் கண்டுபிடிக்க இயற்பியலும் கொஞ்சம் வேதியியலும் கைகொடுக்கும்.

மூன்று வம்சங்கள்

நம் ஊர்த் தெருக்களில் ஓடிய பழைய மூன்று சக்கர வண்டிகளுக்குப் பெரும்பாலும் ஐரோப்பாவில் ஒரு பாட்டன் உண்டு. உலகப் போர் முடிந்து இத்தாலி நொடித்துக் கிடந்த காலத்தில், வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்த கொராடினோ தஸ்கானியோ அதன் பின்பக்கம் இரண்டு சக்கரமும் ஒரு சரக்குப் பெட்டியும் வைத்தார். 1948இல் பியாஜியோ நிறுவனத்தின் 'ஆபே' பிறந்தது: 125 சிசி இன்ஜின், 200 கிலோ சுமை. இந்தியாவில் 1959இல் அரசின் உரிமம் பெற்ற பஜாஜ் ஆட்டோ, பியாஜியோவோடு கைகோத்து இந்த வம்சத்தை இங்கே வளர்த்தது.

இரண்டாவது வம்சம் லாம்ப்ரெட்டா. 1949இல் பம்பாயில் தொடங்கிப் பின்னால் சென்னை எம்.ஏ. சிதம்பரம் குழுமத்தின் கைக்கு வந்த ஏபிஐ நிறுவனம், லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரோடு அதே இன்ஜின் குடும்பத்தில் 175 சிசி மூன்று சக்கர வண்டியையும் தயாரித்தது. அதற்கு அம்பத்தூரிலும் ஆலை இருந்தது. லக்னோவில் 1972இல் அமைந்த பொதுத்துறை நிறுவனமான ஸ்கூட்டர்ஸ் இந்தியாவின் 'விக்ரம்' இதே வம்சத்துப் பங்காளி.

மூன்றாவது, டெம்போ. ஹாம்பர்க் நகரத்து விடால் அண்ட் சோன் நிறுவனத்தின் 'ஹான்சீட்' வண்டியை, 1958இல் தொடங்கிய பஜாஜ் டெம்போ இங்கே தயாரித்தது. ஜெர்மனியில் 1956இலேயே நின்றுபோன வண்டி, இந்தியாவில் 2000 வரை வெளிவந்தது. இன்ஜின் முன்சக்கரத்துக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும், இழுப்பதும் முன்சக்கரம்தான்.

எந்த வம்சம் என்று தெரிந்துகொள்வதுதான் விலை பேசுவதில் முதல் படி. பஜாஜ் வண்டிக்கு உதிரி பாகம் இன்றும் சிரமமில்லாமல் கிடைக்கும். லாம்ப்ரெட்டா வழி வண்டியின் இன்ஜின் பாகங்களுக்கு ஸ்கூட்டர் பிரியர்கள் போட்டி போடுவார்கள். அதனால் வண்டியை முழுதாக விற்பதைவிடப் பிரித்து விற்க ஆசை வரும். உள்ளே ஏதாவது பாகத்தை ஏற்கெனவே யாராவது கழற்றியிருக்கிறார்களா என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. ஹான்சீட்டின் கதை தலைகீழ். அதன் பாகம் வேறு எதற்கும் ஆகாது, வேறு எதன் பாகமும் அதற்கு ஆகாது. முழுசாக நிற்கும் வண்டிக்கு மவுசு அதனாலேயே.

முக்காலியின் பலம், முக்காலியின் பலவீனம்

இவற்றை யாரும் காட்டுவழி வண்டி என்று விற்கவில்லை. ஆனாலும் குஜிலியம்பாறை, வேடசந்தூர்ப் பக்கத்துச் செம்மண் தடங்களிலும், கண்மாய்க்கரை மேலும், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு முருங்கைக்காய் ஏற்றத் தோட்டத்துக்குள்ளும் போனவை இவைதான். மூன்று சக்கரம் இதற்குத் தோதானது. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். மேடுபள்ளமான தரையில் நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. வண்டிக்கும் அப்படியே: குழியில் இறங்கினாலும் மூன்று சக்கரமும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும், சேசிஸ் முறுக்கிக்கொள்ளாது. நாலு சக்கர வண்டியில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கும்போது சட்டம் முழுவதும் பிழிபடும்.

விலை வேறு இடத்தில் கொடுக்க வேண்டியிருக்கிறது. வண்டி கவிழாமல் இருக்க, அதன் ஈர்ப்பு மையத்திலிருந்து விழும் நேர்கோடு சக்கரங்கள் தரையைத் தொடும் எல்லைக்குள் இருக்க வேண்டும். நாலு சக்கரத்துக்கு அந்த எல்லை செவ்வகம். மூன்று சக்கரத்துக்கு முக்கோணம். முன்னால் போகப் போக அது ஒடுங்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். முன்சக்கரத்துக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2 மீட்டர், பின்சக்கரங்களுக்கு நடுவே 1.15 மீட்டர், ஈர்ப்பு மையத்தின் உயரம் 60 சென்டிமீட்டர். அந்த மையம் பின் அச்சிலிருந்து மூன்றில் ஒரு பங்கு முன்னே இருக்கட்டும். பக்கவாட்டில் அதற்கும் கவிழும் விளிம்புக்கும் உள்ள தூரம் சுமார் 37 சென்டிமீட்டர். 37ஐ 60ஆல் வகுத்தால் 0.61. வரப்பில் பக்கவாட்டாகச் சாயும்போது சுமார் 31 டிகிரியில் வண்டி விழும் என்று பொருள். இதே அகலம், இதே உயரமுள்ள நாலு சக்கர வண்டி 44 டிகிரி வரை தாங்கும். 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் முன்னது மணிக்கு 28 கிலோமீட்டர் வேகத்திலேயே உள்சக்கரத்தைத் தூக்கிவிடும். பின்னதற்கு 35 ஆக வேண்டும். திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. இறக்கத்தில் ஆட்டோ ஓட்டுபவர்கள் ஏன் அவ்வளவு நிதானிக்கிறார்கள் என்பதற்கு இந்த எண்கள் போதும். வளைவில் பிரேக்கும் பிடித்தால் எடை முன்னும் வெளியுமாகத் தள்ளும். அந்த மூலையில்தான் சக்கரமே இல்லை.

டெம்போவில் இது இன்னும் கூர்மையாகும். இன்ஜினின் கனம் முன்னால் இருப்பதால், சரக்கில்லாத வண்டியின் ஈர்ப்பு மையம் ஒடுங்கிய பக்கத்துக்கு நகர்கிறது. மேலே சொன்ன கணக்கில் அதை நடுவுக்குக் கொண்டுவந்தால் 0.61 என்பது 0.46 ஆகிவிடும். சரக்கு ஏற்றினால் எடை பின்னுக்குப் போகும். அப்போது கவிழும் பயம் குறையும், ஆனால் மேட்டில் இழுக்க வேண்டிய முன்சக்கரத்துக்குப் பிடிமானம் போய்விடும்.

இன்னொரு விசித்திரமும் இதில் உண்டு. காய்ந்த தார்ச்சாலையில் டயரின் உராய்வு எண் 0.7, 0.8 என்று இருக்கும். அது 0.61ஐ விட அதிகம். ஆகவே வேகமாகத் திருப்பினால் வண்டி சறுக்குவதற்கு முன்னால் கவிழும். உதிரி மண்ணில் உராய்வு 0.5க்குக் கீழே இறங்கிவிடுவதால் கவிழ்வதற்கு முன்னால் சறுக்கிவிடும். கல்லோ சக்கரத்தடப் பள்ளமோ தட்டாதவரை தார்ச்சாலையைவிட மண்தடத்தில் கவிழும் ஆபத்து குறைவு.

கவிழ்ந்த வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு அளவு நாடா போதும். ஸ்டியரிங்கை நேராக வைத்து, முன்சக்கர அச்சின் நடுவிலிருந்து இடது பின்சக்கர அச்சுக்கும் வலது பின்சக்கர அச்சுக்கும் அளக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அது இருசமபக்க முக்கோணம். இரண்டு அளவும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசப்பட்டால், வண்டி ஒருமுறையாவது படுத்து எழுந்திருக்கிறது. அல்லது எதன் மேலோ மோதி ஃபோர்க் வளைந்திருக்கிறது. கண்ணாடிச் சட்டத்தின் ஓரத்தில் வெல்டிங் தழும்பு இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் விலையில் பாதியைக் குறைத்துக் கேட்க இது போதுமான காரணம்.

ஹோண்டாவின் முக்கோணம்

இதே முக்கோணம் அமெரிக்காவில் ஒரு வண்டி இனத்தையே முடித்துவைத்தது. பனிக்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்பதில்லை, வேறு ஏதாவது கொடுங்கள் என்று 1967இல் அமெரிக்க விற்பனையாளர்கள் கேட்க, ஹோண்டாவின் பொறியாளர் ஒசாமு டக்கேயுச்சி இரண்டு சக்கரம் முதல் ஆறு சக்கரம் வரை வைத்துப் பார்த்தார். பனியிலும் சேற்றிலும் நன்றாகப் போனது மூன்று. 1970இல் 89 சிசி இன்ஜினோடு 595 டாலருக்கு விற்பனைக்கு வந்த அந்த வண்டிதான் பின்னால் ஏடிசி 90 ஆனது.

அதன் உயிர் பலூன் டயரில் இருந்தது. வண்டியின் எடையை டயரின் காற்றழுத்தத்தால் வகுத்தால் தரையில் படியும் பரப்பு ஏறக்குறையக் கிடைத்துவிடும். ஆட்டோ டயரில் 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று அடிப்பார்கள். ஏடிசியில் 2 பி.எஸ்.ஐ. சுற்றித்தான். அதாவது தரைக்குத் தரும் அழுத்தம் பதினைந்தில் ஒரு பங்கு. ஆட்டோ புதையும் மணலில் அது மிதந்து போனது.

ஆனால் அதன் பின் அச்சில் டிஃபரன்ஷியல் கிடையாது. இரண்டு பின்சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுழலும். திரும்பும்போது ஒன்று சறுக்கியே ஆக வேண்டும். சறுக்காத கெட்டித் தரையில் வண்டி ஓட்டுபவரைத் தூக்கிப்போட்டது. அவர்களில் சிறுவர்களும் நிறையப் பேர். விபத்துகள் பெருகியதால் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழக்குத் தொடுத்தது. 1988இல் முடிவான நீதிமன்ற உடன்பாட்டில் ஏடிவி எனப்படும் இந்தக் காட்டுவழி வண்டிகளில் புது மூன்று சக்கர வகையின் விற்பனையை நிறுவனங்கள் நிறுத்திக்கொண்டன. 2008இல் சட்டமே தடுத்துவிட்டது. இனிப் புதிதாக வராது என்று ஆனதும் இருக்கிற வண்டிகள் சேகரிப்பாளர்களின் கண்ணில் பட்டன. அவர்களும் இன்ஜினை அப்புறம்தான் பார்க்கிறார்கள். முதலில் தேடுவது மாற்றப்படாத பிளாஸ்டிக், அசல் சக்கரம், வெட்டி ஒட்டாத சட்டம்.

காந்தமும் உப்பும்

திண்டுக்கல் சமவெளி கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, மழைமறைவில் கிடக்கிறது. துருவுக்கு இது வறண்ட பூமி. ராமேஸ்வரத்தில் மீன் ஏற்றிய வண்டியும் நிலக்கோட்டையில் மல்லிகை ஏற்றிய வண்டியும் ஒரே வருஷத்தில் பிறந்தவையாக இருக்கலாம். தகட்டின் வயது ஒன்றாக இருக்காது.

இங்கேயும் ஒரு விதிவிலக்கு உண்டு: தோல் ஷாப்புக்கு ஓடிய வண்டி. திண்டுக்கல்லின் தோல் பதனிடும் ஆலைகளுக்கு வரும் பச்சைத்தோல் அழுகாமலிருக்க, அதன் எடையில் 40 விழுக்காடு வரை உப்பு போடுவார்கள். அந்த நீர் சொட்டிச் சொட்டிச் சரக்குத் தளத்தின் இடுக்குகளில் இறங்கும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். மழைக்கால இரவுகளில் இது சாதாரணம். அதனால் வண்டி சும்மா நிற்கும்போதும் தகட்டின் அடியில் உப்புக் கரைசல் உயிரோடு இருக்கும். அதிலுள்ள குளோரைடு இரும்பின் பாதுகாப்புப் படலத்தை உடைக்கும். உண்டாகும் துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். இரண்டு தகடு சேரும் இடத்தில் வெல்டிங்கைப் பிதுக்கிக்கொண்டு அது வெளியே வருவது இதனால்தான். என்ன சரக்கு ஏற்றினார்கள் என்ற கேள்வி, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட முக்கியமானது. பழைய வண்டிகளில் மீட்டர் ஓடுவதே அபூர்வம்.

துருவை மறைப்பது பட்டி. ஓட்டை விழுந்த இடத்தில் பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்தால் கண் ஏமாந்துவிடும். காந்தம் ஏமாறாது. சட்டைப் பையில் அடங்கும் சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி, தகட்டின் மேல் மெதுவாக நகர்த்திப் பார்க்க வேண்டும். நல்ல தகட்டில் 'டப்' என்று ஒட்டும். பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அடியில் இரண்டு மில்லிமீட்டர் பட்டி இருந்தாலும் பிடி சட்டென்று தளர்ந்து காந்தம் வழுக்கும். இடைவெளி கொஞ்சம் கூடினாலும் காந்த ஈர்ப்பு மளமளவென்று குறைந்துவிடும். முன் மட்கார்டின் உள்விளிம்பு, பேட்டரிப் பெட்டியின் அடி, ஓட்டுநரின் கால் படும் தளம், பின் சஸ்பென்ஷன் கை சேசிஸோடு சேரும் இடம் ஆகிய நாலையும் விட்டுவிடக் கூடாது. கடைசி இடத்தில் காந்தம் வழுக்கினால் வண்டியை விட்டுவிடுவதே உத்தமம். அது அழகுக் குறை அல்ல, முழுச் சுமையும் இறங்குகிற மூட்டு.

உதையில் தெரியும் உண்மை

இன்ஜினைக் கடைசியில் பார்க்கலாம் என்பதற்காகப் பார்க்காமலே விடக் கூடாது. வாங்க வருகிறவர் சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னால் போய் நின்று இன்ஜினைத் தொட்டுப் பார்ப்பது பழைய தந்திரம். சூடாக இருந்தால் முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜினில்தான் தேய்மானம் பேசும்.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் வால்வு கிடையாது. பிஸ்டனே கதவாகவும் வேலை செய்கிறது. எரிந்த புகை வெளியேறும்போதே புதுக் கலவையும் உள்ளே நுழைவதால், பெட்ரோலில் மூன்றில் ஒரு பங்கு வரை எரியாமலே வெளியே போய்விடும். லேசான நீலப் புகை இதற்கு இயல்பு. பெட்ரோலோடு கலந்த ஆயிலும் சேர்ந்து எரிகிறது. புகை வெள்ளையாக, அடர்த்தியாக, நிற்காமல் வந்தால் கியர்பாக்ஸ் ஆயிலை இன்ஜின் குடிக்கிறது. கிளட்ச் பக்க ஆயில் சீல் போய்விட்டது. ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் தானாக இரைந்தால் மேக்னட் பக்க சீல் வழியே காற்று நுழைகிறது. காற்று கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் ஒருநாள் பிஸ்டன் 'ஜாம்' ஆகும். கம்ப்ரஷன் மீட்டர் வைத்து நாலைந்து உதை உதைத்து, 100 பி.எஸ்.ஐ.கூட எட்டாவிட்டால் ரீபோருக்கு ஆகும் செலவை விலையில் கழித்துவிட வேண்டும்.

ரீபோர் எத்தனை முறை நடந்தது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. பஜாஜின் 145 சிசி இன்ஜினில் சிலிண்டரின் விட்டம் 57 மில்லிமீட்டர். தேயும்போது கால் மில்லிமீட்டர் அளவில் கூட்டிக் கடைந்து பெரிய பிஸ்டன் போடுவார்கள். அளவு பிஸ்டனின் தலையிலேயே பொறித்திருக்கும். ஒரு மில்லிமீட்டர் கூடியிருந்தால் சிலிண்டரின் ஆயுள் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். கொள்ளளவு அப்போது 150 சிசியைத் தொட்டிருக்கும். சக்தி கூடியதாக மகிழ ஒன்றுமில்லை. அடுத்த முறை புதுச் சிலிண்டர் வாங்க வேண்டும். டயரின் வயதை டயரே சொல்லும். பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2318 என்றால் 2018இன் 23ஆவது வாரம்.

காகிதத்தின் எடை

மீதி விலை காகிதத்தில் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்தது 1985 செப்டம்பர் 15இல். மாநிலக் குறியீட்டோடு எண் கொடுக்கும் இன்றைய முறை அதற்கும் பிறகு வந்தது. ஆகவே உண்மையிலேயே பழைய வண்டி என்றால் டிஎன் 57 என்று தொடங்க வாய்ப்பில்லை. மூன்று எழுத்தும் நாலு எண்ணுமாக, மதுரைப் பதிவாகத்தான் இருக்க வேண்டும். எழுபதுகளின் வண்டி என்று சொல்லிவிட்டு டிஎன் 57 பலகையைக் காட்டினால், இடையில் மறுபதிவு நடந்ததா, எங்கே நடந்தது என்று கேட்பதில் தப்பில்லை.

ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணும் சட்டத்தில் அடித்த எண்ணும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். எண்ணை அராவிவிட்டு வேறு எண் அடித்திருந்தாலும் இரும்பு அதை மறப்பதில்லை. அச்சு விழும்போது மேலே பள்ளம் விழுவதோடு, அடியில் உள்ள படிக அமைப்பும் நசுங்கிவிடுகிறது. மேற்பரப்பைத் தேய்த்தாலும் அந்த நசுங்கல் உள்ளே இருக்கும். காப்பர் குளோரைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கலந்த கரைசலைத் தடவினால், நசுங்கிய இடமும் நசுங்காத இடமும் வெவ்வேறு வேகத்தில் அரிக்கப்பட்டுப் பழைய எண் மங்கலாக எழும். தடய அறிவியல் ஆய்வகங்களின் வழக்கமான சோதனை இது. வாங்குபவர் அமிலம் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. எண் இருக்கும் இடம் மட்டும் சுற்றுப்புறத்தைவிட வழவழப்பாக, சற்றே தாழ்ந்து இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தால் போதும்.

அடுத்தது சட்டம் போட்ட ஒரு முடிச்சு. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வயதைத் தாண்டி, அசல் வடிவம் மாறாத வண்டிக்கு 'விஏ' என்ற எழுத்தோடு தனிப் பதிவு கிடைக்கும்; புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் அந்த விதியில் வருபவை இரு சக்கர வண்டிகளும் நாலு சக்கர வண்டிகளும் மட்டுமே. நடுவில் நிற்கும் மூன்று சக்கரத்துக்கு இடமில்லை. லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர் விண்டேஜ் ஆகலாம்; அதே இன்ஜினோடு பிறந்த மூன்று சக்கர வண்டி ஆக முடியாது.

ஆகவே அது சாதாரண வண்டிகளின் வரிசையில்தான் நிற்க வேண்டும். வாடகை வண்டியாகப் பதிவாகியிருந்தால் எட்டு வயதுக்கு மேல் வருஷா வருஷம் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். சொந்த உபயோகப் பதிவு என்றால் 15 வருஷத்துக்குப் பின் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். இருபது வயதைத் தாண்டிய மூன்று சக்கர வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 5,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். பசுமை வரி தனி.

இத்தனையும் பார்த்த பிறகு மூன்று தொகை கைக்கு வரும். அடிமட்ட விலை, வண்டியின் எடையை அன்றைய பழைய இரும்பு விலையால் பெருக்கினால் கிடைப்பது. பயணிகள் ஆட்டோ என்றால் எடை 300 கிலோவை ஒட்டியிருக்கும். காகிதம் இல்லாத வண்டிக்கு இதற்கு மேல் கொடுப்பது தோட்டத்தில் நிறுத்தி அழகு பார்க்கிறவருக்கே கட்டுபடியாகும். நடு விலை, கழற்றி விற்றால் தேறும் பாகங்களின் கூட்டுத்தொகை. மேல் விலை, அளவு நாடாவிலும் காந்தத்திலும் தேறி, எண்ணும் ஆர்.சி.யும் பொருந்தி, அசல் தகடு குறையாமல் நிற்கும் வண்டிக்கு. அதிலிருந்து ரீபோர், சீல், டயர், புதுப்பிப்புக் கட்டணம் ஆகிய செலவுகளைக் கழிக்க வேண்டும். விற்பவர் சொல்லும் விலை இந்த மூன்றில் எதற்குப் பக்கத்தில் நிற்கிறது என்று பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்கலாம். பேசி முடிந்தாலும், பெயர் மாற்றத்துக்கான 29, 30 எண் படிவங்களில் ஆர்.சி.யில் பெயருள்ளவரே கையெழுத்துப் போடும்வரை அட்வான்ஸ் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.